பிசிக்ஸை விட்டு பியானோவுக்கு… விஜய் ஐயர் கதையில் சிவகாசி பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கு?

சரவெடி வெடிக்கிறதைக் கண்ணை மூடிக்கிட்டு கேட்டிருக்கீங்களா? அடுத்த தடவை கேட்டுப் பாருங்க. கடிகார முள் மாதிரி ஒரே சீராக அது வெடிக்காது. பட்… பட்பட்… ஒரு சின்ன இடைவெளி… பட்படபட! திரி ஒரு இடத்தில் வேகமாக ஓடும், இன்னொரு இடத்தில் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் நம்ம மனசு 'அடுத்தது எப்போ?'ன்னு காத்திருக்கும். ஒரே சீராக வெடிச்சா ரெண்டு நிமிஷத்தில் சலிச்சுப்போகும்.

சிவகாசியில் வளர்ந்த எனக்கு இந்தச் சத்தம் புதுசு இல்லை. ஆனால், இதையே ஒருத்தர் பியானோவில் வாசிப்பார்னு தெரியாது. ஒருநாள் சிவகாசியிலிருந்து விருதுநகர் போற பஸ்ஸில், திருத்தங்கல் தாண்டினதும் ஹெட்போனில் ஏதோ ஒரு ஆப் தானாகவே ஒரு பாட்டை ஓட்டுச்சு. பாடகர் இல்லை. பியானோ, பேஸ், டிரம்ஸ்… மூணே பேர். தாளம் பிடிபடுற மாதிரி இருக்கும், பிடிக்கப் போனால் நழுவும். ஆமத்தூர் வந்தப்போதான் திரையைப் பார்த்தேன். வாசிச்சவர் பெயர்: விஜய் ஐயர்.

'அட, நம்ம ஆளு பேரு மாதிரி இருக்கே!'ன்னு தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை. அவர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடியேறியவர்கள். இன்றைக்கு உலகின் முக்கியமான ஜாஸ் பியானோ கலைஞர்களில் ஒருத்தர். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். ஒரு பெரிய இசை விழாவை முன்னின்று வடிவமைச்சவர். 'சரி, ஜீனியஸ், நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?'னு கேட்கிறீங்களா? இருக்கு. கடைசி வரைக்கும் வாங்க.

முதல்ல, ஜாஸ்னா என்ன?

ஜாஸ்னு சொன்னதும் பலருக்கு ஸ்டார் ஹோட்டல் லாபியில் மெல்லமாக ஓடுற மியூசிக்தான் ஞாபகம் வரும். அது வெளித்தோல். அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வாரிசுகள், நியூ ஆர்லியன்ஸ் மாதிரியான நகரங்களில் உருவாக்கிய இசை அது. சம்பளம் கம்மி, மரியாதை இல்லை, பஸ்ஸில்கூட தனி இருக்கை. அந்த நிலைமையில் இருந்த கறுப்பின மக்கள், தங்களுக்கென்று ஒரு குரலைச் செய்துகொண்டார்கள்.

எப்படி வாசிக்கிறாங்க? நம்ம ஊர் விஷயத்தை வெச்சே சொல்றேன். பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலில் மேளம் வாசிக்கிறதைக் கேட்டிருப்பீங்க. நாகஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்தால், அடுத்து என்ன வாசிக்கப் போறார்னு எழுதி வெச்சிருக்க மாட்டார். அந்த நிமிஷத்தில் தோணுறதை வாசிப்பார். அதைக் கேட்டு தவில்காரர் பதில் சொல்வார். கர்னாடக சங்கீதத்தில் இதுக்கு 'மனோதர்மம்'னு பேரு.

ஜாஸும் அப்படித்தான். முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பாங்க. அப்புறம் ஒவ்வொருத்தராக அந்த மெட்டின் அடிப்படையை விடாமல், புதுசாக எதையோ அங்கேயே உண்டாக்குவாங்க. மத்தவங்க அதைக் காது கொடுத்துக் கேட்டு, தாங்கிப் பிடிப்பாங்க. இதில் காதுக்குத்தான் முதல் வேலை. கைக்கு ரெண்டாவது வேலை.

அக்காவின் பியானோ

விஜய் ஐயர் பிறந்தது 1971-ல், நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி என்ற ஊரில். வளர்ந்தது அதே மாநிலத்தில் ராச்சஸ்டர் நகரத்தை ஒட்டிய ஃபேர்போர்ட்டில். 3 வயசில் வயலின் வகுப்பு ஆரம்பம். சுமார் 15 வருஷம் முறையாக மேற்கத்திய வயலின் படிச்சார்.

பியானோ? அதுக்கு வாத்தியாரே கிடையாது! வீட்டில் அக்கா படிக்கிறதுக்கு ஒரு பியானோ இருந்துச்சு. தம்பி சும்மா இருப்பாரா? காதால் கேட்டதைக் கட்டைகளில் தேடித் தேடி, தானாகவே பழகிக்கிட்டார். 15 வருஷம் முறையாகப் படிச்ச வயலினை விட்டுட்டு, யாரும் சொல்லித் தராத பியானோதான் அவருடைய வாழ்க்கையாச்சு.

ஆனால், வீட்டில் கொஞ்சம் நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியுமே. அவருக்கும் அதேதான். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படிச்சார். 20 வயசில் பட்டம். அடுத்து கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம், இயற்பியலில் ஆராய்ச்சிப் படிப்பு. வழி தெளிவாகப் போட்டாச்சு. கண்ணை மூடிட்டு நடந்தாலே போதும், விஞ்ஞானி ஆகிடலாம்.

பகலில் இயற்பியல். ராத்திரியில் ஓக்லாந்து, சான் பிரான்சிஸ்கோ பக்கத்து கிளப்களில் பியானோ. அங்கே மூத்த கறுப்பினக் கலைஞர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பிச்சார். 1990-களின் நடுவில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மேன், டிராம்போன் கலைஞரும் ஆய்வாளருமான ஜார்ஜ் லூயிஸ் ரெண்டு பேரும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கிட்டாங்க. 1995-ல் முதல் ஆல்பம் 'மெமரோஃபிலியா' வெளிவந்துச்சு. அதை வெளியிட்டது பெரிய கம்பெனி இல்லை. 'நமக்கு மேடை தர யாரும் இல்லை, நாமே உண்டாக்குவோம்'னு ஆசிய அமெரிக்க இசைக் கலைஞர்கள் சேர்ந்து நடத்தின 'ஏசியன் இம்ப்ராவ்' என்ற சின்ன நிறுவனம்.

இந்த இடத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க. அவருடைய கதையில் இது திரும்பத் திரும்ப வரும்.

படிப்பை விட்டாரா?

'பார்த்தீங்களா, படிப்பை விட்டுட்டு கனவைத் துரத்தினார்'னு ரீல்ஸ் போடுறவங்க சொல்லுவாங்க. அப்படி இல்லை. இயற்பியலில் முதுகலைப் பட்டத்தை வாங்கிட்டுத்தான் அந்தப் பாதையிலிருந்து விலகினார். அதே பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பமும் கலையும் சேர்ந்த ஒரு ஆராய்ச்சிப் படிப்பைத் தனக்கெனச் சேர்த்துக் கட்டி, 1998-ல் முனைவர் பட்டம் வாங்கினார். படிப்பை விடாமல், அதைத் தான் போக நினைச்ச பக்கம் திருப்பிக்கிட்டார்.

அந்த ஆய்வு எதைப் பத்தி தெரியுமா? தாளம் மூளையில் இருக்கா, உடம்பில் இருக்கா?

இசையை மூளை ஏதோ கணக்குப் போட்டுப் புரிஞ்சுக்குதுன்னு ஒரு கருத்து உண்டு. இவர் மேற்கு ஆப்பிரிக்க இசையையும் ஆப்பிரிக்க அமெரிக்க இசையையும் எடுத்துக்கிட்டு, 'இல்லை, தாளத்தை நாம உடம்பால்தான் உணர்கிறோம்'னு வாதிட்டார். மெதுவாக நீளும் இசை வரி, நாம மூச்சு விடுற அளவுக்கு இருக்கும். கால் தட்டுற தாளம், நாம நடக்கிற வேகத்துக்கு இருக்கும். படபடன்னு ஓடுற சின்னச் சின்ன அடிகள், பேச்சின் அசை வேகத்துக்கும் விரல் அசைவு வேகத்துக்கும் இருக்கும்.

இன்னொரு விஷயமும் சொன்னார். நல்ல வாசிப்பில் அடிகள் மிகச் சரியான இடத்தில் விழாது. ஒரு நொடியில் சில நூறில் ஒரு பங்கு முந்தியோ பிந்தியோ விழும். காதால் பிரிச்சு அறியக்கூட முடியாத அந்த இடைவெளிதான், கேட்கிறவனை ஆட வைக்கிறது. ஞாபகம் வருதா, நம்ம சரவெடி?

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க தெருதான் ஞாபகம் வந்துச்சு. தீப்பெட்டி ஆபீஸ் வேலையை வீட்டுக்கு எடுத்து வந்து பெட்டி ஒட்டுற அம்மாக்களைப் பார்த்திருக்கீங்களா? மடி, தடவு, ஒட்டு, போடு. பேசிக்கிட்டே, கதை கேட்டுக்கிட்டே கை தானாக ஓடும். யாரும் எண்ணிக்கிட்டு ஒட்டுறது இல்லை. உடம்புக்குள் ஒரு தாளம் இருக்கு. எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் வந்த வேகம் அதுன்னும் மறந்துடக் கூடாது. தாளம் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்க பெர்க்லிக்குப் போகணும்னு இல்லை. ஆனால், அதை ஆராய்ச்சியாக எழுத ஒருத்தர் அங்கே போனார்.

1, 2, 3, 5, 8… கணக்கு எங்கே வருது?

இவருடைய 'ஹிஸ்டாரிசிட்டி' ஆல்பம் 2009-ல் வந்து, கிராமி விருதுக்குப் பரிந்துரையாச்சு. அதில் 'மிஸ்டிக் ப்ரூ'ன்னு ஒரு பழைய பாட்டு, ரான்னி ஃபாஸ்டர் என்ற கலைஞருடையது. அதன் தாளத்தை விஜய் ஐயர் ஃபிபனாச்சி எண்களின் விகிதத்தில் மாத்திப் போட்டார்.

ஃபிபனாச்சின்னா பயந்துடாதீங்க. முந்தின ரெண்டு எண்ணைக் கூட்டினால் அடுத்த எண்: 1, 2, 3, 5, 8, 13… அவ்வளவுதான். இத்தாலிக்காரர் பெயரில் இருந்தாலும், அவருக்கு முன்னாடியே நம்ம நாட்டில் செய்யுள் இலக்கணம் எழுதினவங்க இதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. எப்படி?

குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரைன்னு பள்ளியில் படிச்சிருக்கோம். இப்போ, 3 மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? குறில்-குறில்-குறில், குறில்-நெடில், நெடில்-குறில். மொத்தம் 3. அதே மாதிரி 4 மாத்திரைக்கு 5 விதம். 5 மாத்திரைக்கு 8 விதம். பஸ்ஸில் போகும்போது விரலில் போட்டுப் பாருங்க, சரியாக வரும்.

இதை வாயால் சொல்லணுமா? 'தகதகிட தகிட'ன்னு சொல்லிப் பாருங்க. 5-ம் 3-ம் சேர்ந்து 8. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. அந்தச் சமமில்லாத நடையில்தான் ஒரு இழுப்பு இருக்கு. விஜய் ஐயர் அந்தப் பாட்டில் செய்தது இந்த இழுப்பைப் படிப்படியாக மாத்தினதுதான்.

இங்கேதான் ஒரு சிக்கல். இவர் கணக்கும் இயற்பியலும் படிச்சவர்னு தெரிஞ்சதும், விமர்சகர்கள் பலர் 'மூளையால் வாசிக்கிறார்', 'கணித இசை'ன்னு எழுத ஆரம்பிச்சாங்க. பாராட்டு மாதிரிதானே இருக்கு? அவருக்கு அது உறுத்துச்சு. பேட்டிகளில் எதிர்த்துப் பேசியிருக்கார். ஏன்னா, அதில் ஒரு முன்முடிவு ஒளிஞ்சிருக்கு: இந்தியன்னா கணக்கு, கறுப்பர்னா உணர்ச்சி. தெலோனியஸ் மங்க், டியூக் எலிங்டன் மாதிரி முன்னோடிகள் எவ்வளவு நுட்பமாக யோசிச்சு இசையைக் கட்டினவங்கன்னு தெரிஞ்சால், இப்படிப் பிரிக்கத் தோணாது. தான் கத்துக்கிட்டதே அவங்களிடமிருந்துதான்னு அவர் விடாமல் சொல்றார். 'ஜாஸ்' என்ற லேபிளைக்கூட அவர் விரும்புறதில்லை. அந்தக் கலைஞர்களில் பலர் சொன்ன மாதிரி 'படைப்பு இசை'ன்னு சொல்றதுதான் பிடிக்கும்.

நம்மளையும் யாராவது ஒரே வார்த்தையில் அடைச்சிருப்பாங்க. 'சிவகாசியா? பட்டாசா?' அவ்வளவுதான் நம்ம ஊர்! அந்த எரிச்சல் தெரிஞ்சவங்களுக்கு இவருடைய கோபமும் புரியும்.

விருது மழை… ஆனால் அதைவிட முக்கியமான வரவு

2012-ல் 'டவுன்பீட்' என்ற புகழ்பெற்ற ஜாஸ் பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பில் ஒரே வருஷத்தில் 5 பிரிவுகளில் முதலிடம். 2013-ல் மெக்கார்தர் ஃபெல்லோஷிப். 'ஜீனியஸ் கிரான்ட்'னு செல்லமாகச் சொல்ற இந்த உதவித்தொகை, அப்போ 5 வருஷத்தில் 6,25,000 டாலராக இருந்துச்சு. எதுக்குச் செலவு செய்தீங்கன்னு யாரும் கணக்குக் கேட்க மாட்டாங்க. 2014-ல் ஹார்வர்டில் பேராசிரியர்.

இந்தப் பட்டியலை எந்தத் தளத்திலும் படிச்சுக்கலாம். நான் பார்க்கச் சொல்றது, கூட யார் யார் இருந்தாங்கங்கிறதை.

கன்னடப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் இவருக்குப் பல வருஷக் கூட்டணி. ரெண்டு பேருக்கும் ஒரே தேடல்: 'நாம வாசிக்கிறதில் நம்ம ஊர் எங்கே இருக்கு?' அந்த ருத்ரேஷ் பின்னாளில் நம்ம கத்ரி கோபால்நாத்துடன் சேர்ந்து 2008-ல் 'கின்ஸ்மென்' ஆல்பம் போட்டார்.

2011-ல் வந்த 'தீர்த்தா' ஆல்பத்தில் கிடார் வாசிச்சவர் பிரசன்னா. ராணிப்பேட்டையிலிருந்து போனவர். சென்னை ஐ.ஐ.டி-யில் கப்பல் கட்டும் பொறியியல் படிச்சுட்டு, அப்புறம் அமெரிக்காவில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போனார். கர்னாடக சங்கீதத்தை எலக்ட்ரிக் கிடாரில் வாசிப்பார். ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பின்கி' ஆவணப்படத்துக்கு இசை இவர்தான். தபலாவில் நிதின் மிட்டா. மூணு பேரும் சேர்ந்து ஜாஸும் கர்னாடகமும் ஹிந்துஸ்தானியும் ஒண்ணோடொண்ணு பேசிக்கிற மாதிரி வாசிச்சிருக்காங்க.

டிரம்பெட் மேதை வாடாடா லியோ ஸ்மித் இவருக்குக் குரு மாதிரி. 1941-ல் மிசிசிப்பியில் பிறந்தவர். அவருடைய குழுவில் வருஷக்கணக்கில் வாசிச்ச பிறகுதான், 2016-ல் ரெண்டு பேரும் ஜோடியாக ஒரு ஆல்பம் போட்டாங்க.

மேடை கிடைச்சதும் என்ன செய்தார்?

இப்போ நாம விழாவுக்கு வருவோம். கலிபோர்னியாவில் ஓஹாய்னு ஒரு சின்ன மலைப் பள்ளத்தாக்கு ஊர். நம்ம ஜே.கிருஷ்ணமூர்த்தி பல காலம் வாழ்ந்து, 1986-ல் மறைஞ்ச ஊர் அது. அங்கே 1947 முதல் வருஷா வருஷம் ஒரு இசை விழா நடக்குது. பூங்காவுக்குள் மரங்களுக்கு நடுவே திறந்தவெளி அரங்கம். ஒவ்வொரு வருஷமும் ஒரு கலைஞரை அழைச்சு, 'இந்த வருஷ விழாவின் இசை இயக்குநர் நீங்கதான்'னு பொறுப்பைக் கொடுப்பாங்க. ஏரன் காப்லண்ட், பியர் பூலே மாதிரி மேற்கத்திய இசையின் பெரிய பெயர்கள் எல்லாம் வகிச்ச பதவி. 2017-ல் அந்தப் பொறுப்பு விஜய் ஐயருக்கு வந்துச்சு.

இசை இயக்குநருக்கு அங்கே என்ன வேலை? நம்ம ஊர்த் திருவிழாக் கமிட்டியை நினைச்சுக்கோங்க. எட்டாம் நாள் யாரைக் கூப்பிடுறது? டி.வி-யில் வந்த பார்ட்டியா, இல்லை நம்ம ஊர் மேளக்காரரா? யாருக்கு முதல் நாள், யாருக்கு ராத்திரி 10 மணி? இந்த முடிவுகளில்தான் ஒரு விழா யாருக்கானதுன்னு தெரியும். அங்கேயும் அதே கதைதான்.

அவர் என்ன செய்தார்? குரு ஸ்தானத்தில் இருந்த வாடாடா லியோ ஸ்மித்தை அழைச்சார். தபலா மேதை ஜாகிர் உசேனை அழைச்சார். வயலின் கலைஞர் ஜெனிஃபர் கோவுக்காகத் தான் எழுதின 'டிரபிள்' என்ற புது இசையை அரங்கேத்தினார். முக்கியமாக, தன்னை இளம் வயசில் சேர்த்துக்கிட்ட ஜார்ஜ் லூயிஸ் எழுதிய 'ஆஃப்டர்வேர்ட்' என்ற ஓபராவுக்கு அந்த மேடையைக் கொடுத்தார்.

அந்த ஓபரா ஒரு சங்கத்தைப் பத்தினது. 1965-ல் சிகாகோவில் கறுப்பின இசைக் கலைஞர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினாங்க. படைப்பு இசைக் கலைஞர்கள் முன்னேற்றச் சங்கம்னு தமிழில் சொல்லலாம். 'கிளப் முதலாளி கூப்பிடுவார்னு காத்திருக்க வேண்டாம். நம்ம கச்சேரியை நாமே நடத்துவோம். நம்ம சொந்த இசையை வாசிப்போம். நம்ம பகுதிப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுப்போம்.' அந்தச் சங்கத்தில் வளர்ந்தவங்கதான் ஜார்ஜ் லூயிஸும் வாடாடா லியோ ஸ்மித்தும். அவங்க கையைப் பிடிச்சு வளர்ந்தவர் விஜய் ஐயர். மேற்கத்திய சங்கீதத்தின் கௌரவமான ஒரு மேடை தன் கைக்கு வந்ததும், அந்தச் சங்கத்தின் கதையை அதில் ஏத்தினார். கடனைத் திருப்பிக் கட்டின மாதிரி.

இது ஒருமுறை நடந்த விஷயம் இல்லை. கனடாவின் பேன்ஃப் கலை மையத்தில் இளம் கலைஞர்களுக்கான சர்வதேச ஜாஸ் பயிலரங்கை 2013 முதல் சில வருஷம் இவர்தான் நடத்தினார். ஹார்வர்டில், இசையை வாசிக்கிறவங்களே அதை ஆராய்ச்சியும் செய்யும்படி ஒரு முனைவர் படிப்பை முன்னெடுத்தார். அதில் படிச்சவர்களில் ஒருத்தர் ராஜ்னா சுவாமிநாதன், உமையாள்புரம் சிவராமனிடம் மிருதங்கம் பயின்றவர்!

சத்தத்துக்கு இன்னொரு அர்த்தம்

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு இருக்கு. தீபாவளி இல்லாத நாளில், நடுப்பகலில், தூரத்தில் 'டம்'னு ஒரு சத்தம் கேட்டால் நாம ரசிக்க மாட்டோம். போனை எடுப்போம். 'எந்தப் பக்கம்? அண்ணன் இன்னிக்கு ஷிஃப்டா? சித்தி ஃபயர் ஆபீஸ் போயிருக்காங்களா?' 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிபட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன அந்த நாளை, இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டாங்க.

அந்தத் துக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கா? செய்தியில் ஒருநாள் வரும். நிவாரணத் தொகை அறிவிப்பாங்க. அப்புறம் அடுத்த சத்தம்.

விஜய் ஐயரிடம் எனக்கு மிகவும் பிடிச்சது இந்த இடம்தான். 2021-ல் வந்த 'அன்ஈஸி' ஆல்பத்தில் 'சில்ட்ரன் ஆஃப் ஃபிளின்ட்'னு ஒரு இசை இருக்கு. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் 2014-ல் செலவைக் குறைக்க குடிநீர் ஆதாரத்தை மாத்தினாங்க. குழாய்களிலிருந்து ஈயம் தண்ணீரில் கலந்து, குழந்தைகள் உடம்புக்குள் போச்சு. பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள் வாழ்ற ஊர். அந்தக் குழந்தைகளுக்காக வாசிச்சது.

அதுக்கும் முன்னால், 2003-ல் கவிஞர் மைக் லாட்டுடன் 'இன் வாட் லாங்வேஜ்?'னு ஒரு ஆல்பம் போட்டார். 2001-ல் ஈரான் இயக்குநர் ஜாபர் பனாகியை நியூயார்க் விமான நிலையத்தில் சங்கிலி போட்டு உட்கார வெச்ச சம்பவத்திலிருந்து பிறந்த படைப்பு. பாஸ்போர்ட்டையும் தோல் நிறத்தையும் பார்த்துச் சந்தேகப்படுற கவுன்டருக்கு முன்னாடி நிற்கிறவங்களின் குரல்கள் அதில் வரும். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்த மாமா, சித்தப்பா இருக்கிற வீட்டில் இது புரியாமல் போகாது.

2014-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆசிய அமெரிக்க முன்னாள் மாணவர்கள் கூட்டத்தில் அவரைப் பேசக் கூப்பிட்டாங்க. சாதிச்சவங்களைப் பாராட்டுற மேடை. அவர் அங்கே போய், 'நம்ம வெற்றி யாருடைய தோல்வி மேல் நிற்குது? இந்த ஏற்றத்தாழ்வில் நமக்கும் பங்கு இருக்கா?'ங்கிற கேள்வியை முன்வெச்சார். கல்யாண வீட்டில் போய்க் கணக்குக் கேட்ட மாதிரிதான். ஆனால், கேட்டார்.

அப்போ நமக்கு?

சிவகாசியின் ஆரம்பக் கதை உங்களுக்குத் தெரியும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு, திரும்பி வந்து இங்கே தொடங்கினாங்க. தெரிஞ்சவங்களைத் தேடிப் போய்க் கத்துக்கிட்டதும், அதை ஊருக்குக் கொண்டு வந்ததும்தான் இன்றைக்கு இத்தனை பிரஸ், இத்தனை ஆபீஸ். விஜய் ஐயர் கதையிலும் அதே ரெண்டு அடிகள்தான் இருக்கு: தேடிப் போய்க் கத்துக்கோ. கத்துக்கிட்டதைப் பகிர்ந்து கொடு.

வாத்தியார் இல்லையேன்னு கவலையா? அவருக்கும் பியானோ வாத்தியார் இல்லை. ஆனால், தனியாக ரூமுக்குள் உட்கார்ந்து அவர் பெரிய ஆள் ஆகலை. தன்னைவிடப் பெரியவங்க வாசிக்கிற இடத்துக்குப் போய் நின்றார். உங்க ஊரில் அது உறுமி வாசிக்கிற தாத்தாவாக இருக்கலாம், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற அண்ணனாக இருக்கலாம், நாகஸ்வரக்காரர் வீடாக இருக்கலாம். போய் உட்காருங்க. முதலில் கேளுங்க.

டிகிரியா, இசையான்னு சண்டையா? அவசரப்பட்டு ஒண்ணைத் தூக்கிப் போட வேண்டாம். படிச்சதை நீங்க விரும்புற பக்கம் திருப்ப முடியுமான்னு பாருங்க. அவருக்கு அது கைகூட சில வருஷம் ஆச்சு.

மேடை இல்லையா? நாலு பேர் சேருங்க. கோயில் பொங்கலுக்கு அரை மணி நேரம் கேளுங்க, காலேஜ் விழாவில் கேளுங்க. கிடைச்சால், உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரையும் கூட மேடையேத்துங்க.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்னு கேட்பீங்க. முதலில் மைக்கேல் ஜாக்சனின் 'ஹ்யூமன் நேச்சர்', விஜய் ஐயர் தன் மூவர் குழுவோடு வாசிச்சது. மெட்டு தெரிஞ்சதால் பிடி கிடைக்கும். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிச்ச மார்கஸ் கில்மோர், புகழ்பெற்ற டிரம்ஸ் மேதை ராய் ஹேன்ஸின் பேரன் என்பது கூடுதல் தகவல். ரெண்டாவது, 'மிஸ்டிக் ப்ரூ'. விரலில் தாளம் போட்டுத் தோத்துப் பாருங்க. அப்புறம் 'தீர்த்தா'. கடைசியாக ராத்திரி, விளக்கை அணைச்சுட்டு, 'சில்ட்ரன் ஆஃப் ஃபிளின்ட்'.

நான் அதைக் கடைசியாகக் கேட்டது மொட்டை மாடியில். எங்கேயோ யாரோ ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டாங்க. பட்… பட்பட்… கொஞ்சம் தயங்கி… பட்படபட. கல்யாண வீடா இருக்கும். ஒரு நொடி போன் மேல் போன கையை எடுத்துக்கிட்டு, மறுபடி ஹெட்போனை மாட்டினேன்.

ஃபிளின்ட்டின் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு இருக்கு. முதலிபட்டிக்கு இன்னும் யாராவது வாசிக்கணும். அது நீங்களாகவும் இருக்கலாம்.